கிளினிக்குக்கு வர மோதிரம் தேவையில்லை

போன வியாழக்கிழமை வந்த பிள்ளைக்கு 20 வயது, வீடு கொட்டாஞ்சேனையில். இடது கையில் ஒரு மோதிரம். பேசப் பேச அது வழுக்கி இறங்க, பெருவிரலால் மேலே தள்ளிக்கொண்டே இருந்தாள். உட்பக்கம் வெள்ளை நூல் சுற்றியிருந்தது. அக்காவின் மோதிரமாம்.

"கலியாணம் ஆகாட்டி எடுக்கமாட்டாங்கன்னு சொன்னாங்க டொக்டர்."

அக்காவிடம் ஒரு பொய் சொல்லி அதை வாங்க ஐந்து நாள் போயிருக்கிறது. அவள் கேட்டு வந்தது அவசர கருத்தடைக் குளிசை. அதை உறவுக்குப் பிறகு 72 மணித்தியாலத்துக்குள் போட வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. ஐந்து நாளுக்குள் என்றால் கருப்பையில் வைக்கும் லூப்பாவது வைத்திருக்கலாம். ஆறாவது நாளில் அவளுக்குக் கொடுக்க என்னிடம் ஒன்றுமே இருக்கவில்லை.

இதற்கு முன் ஒருத்தி தோழியின் தாலிக்கொடியோடு வந்தாள். இன்னொரு தம்பி "மனைவிக்கு" என்று கேட்டான். மனைவிக்கு என்ன வயது என்றதும் எழுந்து போய்விட்டான். எனக்குப் பொறுமை போய்விட்டது.

பிள்ளைகளை மட்டும் குறை சொல்ல முடியாது. கனடாவில் பிறந்து, தமிழர் ஒருவரை மணந்து, இங்கேயே வாழ்ந்த டொக்டர் மேரி இரத்தினம் 1937இல் கொழும்பில் குடும்பத் திட்டமிடல் கிளினிக் ஒன்றைத் தொடங்கினார். அடுத்தடுத்து பிள்ளை பெற்று உடம்பு தேய்ந்த தாய்மாருக்கு அது பெரிய உதவி. 1953இல் குடும்பத் திட்டமிடல் சங்கம் வந்தது. டொக்டர் சிவா சின்னத்தம்பி போன்றவர்கள் அதில் உழைத்தார்கள். 1965இல் அரசாங்கம் இந்த வேலையைத் தாய் சேய் நலச் சேவையோடு சேர்த்தது. நல்ல முடிவுதான், அதனால்தான் கிராமத்து வீட்டு வாசல் வரை போனது. ஆனால் பெயரிலேயே "குடும்பம்", கிளினிக் சுவரில் தாயும் சேயும். கலியாணமாகாத பிள்ளை தனக்கு இங்கே என்ன வேலை என்று நினைக்காமல் என்ன செய்யும்? லண்டனிலும் இதே கதைதான். கலியாணமாகாத இளையோருக்கென்று ஹெலன் புரூக் தனி நிலையம் திறந்தது 1964இல். இங்கே சுகாதார அமைச்சு இளையோருக்கு "யொவுன் பியச" என்று நிலையங்கள் நடத்துகிறது. எத்தனை தமிழ்ப் பிள்ளைகளுக்கு அந்தப் பெயராவது தெரியும்?

சரி, திரும்பவும் சொல்கிறேன். கருத்தடை கேட்டு வரும் வளர்ந்த ஆளிடம் கலியாணப் பத்திரம் கேட்கும் சட்டம் இந்த நாட்டில் இல்லை. தாலி வேண்டாம், மோதிரம் வேண்டாம், கணவனின் கையெழுத்து வேண்டாம். அம்மாவுக்கு நாங்கள் கோல் எடுப்பதும் இல்லை. 16 வயதுக்குக் குறைந்த பிள்ளை என்றால் சட்டம் குறுக்கே வரும், ஏனென்றால் அது அந்தப் பிள்ளையின் பாதுகாப்பு. அப்போதும் வைத்தியம் உண்டு, ஒளிக்காமல் வாருங்கள்.

ஆணுறை கிழிந்ததா? அவசர கருத்தடைக் குளிசைக்கு அன்றைக்கே பாமசிக்குப் போங்கள். அந்தக் குளிசை நோயைத் தடுக்காது, மாதாமாதம் போடும் மருந்தும் இல்லை. எச்.ஐ.வி. பயம் இருந்தால் அதற்கும் தடுப்பு மருந்து இருக்கிறது, அதற்கும் 72 மணித்தியாலம்தான் கணக்கு. புண், சீழ், எரிச்சல் என்றால் கூட்டாளி சொன்ன அன்டிபயோட்டிக்கை வாங்கி மூன்று நாள் விழுங்கிவிட்டு நிறுத்தாதீர்கள், தயவுசெய்து. கொழும்பு 10, டி சேரம் பிளேஸில் அரசாங்கத்தின் பாலியல் நோய் கிளினிக் இருக்கிறது. காசு இல்லை.

அப்புறம், துண்டு எழுதும் இடத்தில் இருக்கும் என் சக ஊழியர்களிடம் ஒரு கெஞ்சல். "மிஸ்ஸா, மிஸிஸா?" என்று வரிசை முழுக்கக் கேட்கும்படி கேட்காதீர்கள். அந்த ஒரு கேள்விக்குப் பயந்துதான் நூல் சுற்றிய மோதிரம் வருகிறது.

அந்தப் பிள்ளையை இரண்டு கிழமை கழித்து, கர்ப்பமா என்று சிறுநீர் பரிசோதிக்க வரச் சொல்லியிருக்கிறேன். மோதிரத்தை அக்காவிடம் கொடுத்துவிட்டு வா மகள் என்றேன். தலையாட்டினாள், ஆனால் கதவைத் தாண்டும் வரை அதைக் கழற்றவில்லை.