டாப் 5 கூட்டுத்தொகை: எதில் இத்தனை சதவீதம்?

பெங்களூரு சிக்பேட்டையில் துணி மொத்த வியாபாரம் செய்பவர்களுக்கு மாத விற்பனை அறிக்கை தயாரித்துக் கொடுப்பது என் தொழில். அவர்களில் தமிழ் முதலாளிகளும் உண்டு. அறிக்கை கைக்குப் போனதும் வரும் முதல் கேள்வி, "தம்பி, முதல் அஞ்சு ஐட்டம் சேர்ந்து எவ்வளவு?" எளிய கேள்விதான். பதில்தான் பல அறிக்கைகளில் தப்பாக இருக்கிறது.

எக்செல்லில் பில் விவரங்களை வகைவாரியாகத் தொகுத்துக் காட்டும் பிவட் டேபிளில் டாப் 10 ஃபில்டரைப் போட்டு எண்ணை 5 ஆக்கினால், கீழே வரும் கிராண்ட் டோட்டல் அந்த ஐந்துக்கு மட்டுமான கூட்டல். சதவீதமும் அதை வைத்தே கணக்காகும். ஒரு பேச்சுக்கு, கடையின் மாத விற்பனை 1 கோடி, முதல் ஐந்து வகைகள் 62.5 லட்சம், அதில் பட்டு 25 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். பட்டின் உண்மையான பங்கு 25%. ஃபில்டர் போட்ட அறிக்கையோ 40% என்று காட்டும். அதை நம்பி அடுத்த சீசனுக்குப் பட்டில் பணத்தைப் போட்டால் சரக்கு தேங்கும். எக்செல்லைக் குறை சொல்ல முடியாது, கேட்டதைத்தான் அது கொடுத்தது. பிவட் போடும்போதே தரவை டேட்டா மாடலில் (எக்செல்லுக்குள்ளேயே இருக்கும் தரவுக் கிடங்கு) சேர்த்துவிட்டால், ஃபில்டரில் மறைந்தவற்றையும் மொத்தத்தில் சேர்க்கும் வசதி கிடைக்கும். சாதாரண பிவட்டில் அந்த வசதி மங்கலாகத்தான் நிற்கும், அழுத்த முடியாது.

கிளைவாரியாகப் பிரிக்கும்போது குழப்பம் இன்னும் கூடும். கிளையை மேலே வைத்து வகையை அதன் கீழே வைத்தால், ஃபில்டர் ஒவ்வொரு கிளைக்கும் தனித்தனியாக முதல் ஐந்தை எடுக்கும். மல்லேஸ்வரத்தின் ஐந்தும் ஜெயநகரின் ஐந்தும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. அவற்றைக் கூட்டி வரும் தொகை, மொத்த நிறுவனத்தின் டாப் 5 அல்ல.

ஃபார்முலாவே போதும் என்பவர்கள், பெரிய எண்களை வரிசையாக எடுத்துத் தரும் லார்ஜ் ஃபங்ஷனைப் போட்டுக் கூட்டுவார்கள். நல்ல வழிதான். ஆனால் அதற்குத் தேர்ந்தெடுத்த செல்களுக்குள் கூட்டுத்தொகை இருக்கும் வரிசையும் மாட்டிக்கொண்டால் அதுவே முதலிடம் பிடித்துவிடும். ஐந்தாம் இடத்தில் இரண்டு வகைகள் சமமாக இருந்தால் லார்ஜ் ஐந்து எண்களோடு நிறுத்திக்கொள்ளும். பிவட்டும், மைக்ரோசாஃப்டின் அறிக்கை மென்பொருளான பவர் பிஐயில் முதல் சிலவற்றை எடுக்கும் டாப்என் ஃபங்ஷனும் இரண்டையுமே சேர்த்து ஆறாகக் காட்டும். இரண்டு அறிக்கைகளும் ஒத்துப்போகவில்லை என்று யாராவது தலையைப் பிய்த்துக்கொண்டால் முதலில் இதைப் பாருங்கள்.

இந்த ஊருக்கே உரிய தொல்லை ஒன்று உண்டு. பில் போடுகிறவர்களில் ஒருவர் 'பட்டு' என்று அடிப்பார், ஒருவர் 'சில்க்', இன்னொருவர் கன்னடத்தில் 'ரேஷ்மே'. ஒரே சரக்கு மூன்று வகையாகி, முதலிடத்தில் இருக்க வேண்டியது ஐந்துக்குள்ளேயே வராமல் போகும். வகைப் பெயர்களைச் சரிசெய்யாமல் தரவரிசை போடுவது வீண் வேலை.

அப்புறம், ரூபாயைக் கூட்டுவது போல வாடிக்கையாளர் எண்ணிக்கையைக் கூட்டக் கூடாது. பட்டு எடுத்த அதே கடைக்காரர் பிளவுஸ் துணியும் எடுத்திருப்பார், இரண்டு வகையிலும் எண்ணப்படுவார்.

என் அறிக்கையில் ஐந்து வகைகளுக்குக் கீழே 'மற்றவை' என்று ஒரு வரி, அதன் கீழே முழு மொத்தம். அந்த மொத்தம் ஜிஎஸ்டிக்குக் காட்டிய மாத விற்பனையோடு பொருந்துகிறதா என்று பார்த்த பிறகுதான் அனுப்புவேன். 'மற்றவை' மட்டும் பாதிக்கு மேல் போனால், டாப் 5 கேட்ட முதலாளிக்கு டாப் 15 அனுப்பிவிடுவேன்.