நிலத்தைக் குத்தகைக்கு விடுமுன் நிழலைப் பாருங்கள்

ராமநாதபுரம் கடற்கரையில் வாலிநோக்கம் பக்கம் பனங்காடு வைத்திருக்கும் ஒருவர் போன மாதம், சூரிய மின்நிலையம் போட நிலத்தைக் குத்தகைக்குக் கேட்கும் ஒரு கம்பெனியின் வழவழ நோட்டீஸை நீட்டி, “தம்பி, உப்பைக் காய்ச்சி ராத்திரியும் கரண்ட் எடுப்பாங்களாமே, நம்ம அளத்து உப்பா?” என்று கேட்டார். இல்லை அண்ணாச்சி, அது சோடியம் நைட்ரேட்டும் பொட்டாசியம் நைட்ரேட்டும், உரக்கடைச் சரக்குக்குச் சொந்தம்.

ஆயிரக்கணக்கான கண்ணாடிகள் வெயிலைக் கோபுர உச்சிக்குத் திருப்ப, அங்கே இந்த உப்புக்குழம்பு 565 டிகிரிக்குக் காய்ந்து தொட்டியில் காத்திருக்கும், இருட்டியதும் அந்தச் சூட்டில் நீராவி எடுத்து டர்பைனைச் சுற்றுவார்கள். ஸ்பெயினின் ஜெமாசோலார் மின்நிலையம் 2011லிருந்து 15 மணி நேரச் சேமிப்போடு இப்படித்தான் நடக்கிறது. இதன் அடுத்த தலைமுறை என்பது 700 டிகிரிக்கு மேல், உப்புக்குப் பதில் மணல் போன்ற துகள், நீராவிக்குப் பதில் கரியமில வாயு. அமெரிக்க எரிசக்தித் துறை 2030க்குள் யூனிட் 5 சென்ட் என்று வைத்திருப்பது இலக்கு. நோட்டீஸில் அதையே இன்றைய விலை மாதிரி போட்டிருந்தார்கள்!

நடப்பு வேறு. அமெரிக்காவில் நெவாடாவின் கிரெசன்ட் டியூன்ஸ் என்ற 110 மெகாவாட் உப்புக்கோபுர நிலையத்தில் 2016ல் உப்புத்தொட்டி ஒழுகி மாதக்கணக்கில் மூடிக் கிடந்தது. இந்தியாவில் 2010ல் இப்படிக் கண்ணாடியால் சூடேற்றும் வகையில் 470 மெகாவாட்டுக்கு ஏழு திட்டங்கள் கொடுத்தார்கள், பாதிக்கு மேல் முடியவே இல்லை. எதிர்பார்த்த அளவுக்கு நேர்வெயில் கிடைக்காததும் ஒரு காரணம்.

நம் கரைக்கு இதுதான் முக்கியம். சோலார் பேனல், மேகத்திலும் ஈரக்காற்றிலும் சிதறி வரும் வெளிச்சத்தையும் எடுத்துக்கொள்ளும், கமுதியில் 648 மெகாவாட் ஓடுவதும் பேனலில்தான். கண்ணாடிக்கோ நேர்க்கதிர் மட்டுமே வேண்டும். உடம்பு கொதிக்கிற வெயிலிலும் பனைமர நிழல் ஓரம் மங்கலாக விழுகிறதா, அன்றைக்குக் கண்ணாடிக்குப் பாதிப் பட்டினி. அப்புறம் கச்சான் என்னும் மேல்காற்று வீசும் மாதங்களில் படியும் உப்பும் தூசியும். பேனலைத் துடைப்பதற்கே நல்ல தண்ணீர் லாரியில் வாங்குகிறோம், கண்ணாடியிலோ வெளிச்சம் அழுக்கைப் போகும்போதும் வரும்போதும் இரண்டு தடவை கடக்க வேண்டும், நஷ்டமும் அதற்கேற்ப.

அதனால் நான் கேட்கச் சொன்னது மூன்று: இதே நிலத்தில் ஒரு வருஷமாவது நேர்க்கதிரை அளந்தீர்களா, கழுவும் தண்ணீர் எங்கிருந்து, உற்பத்தி குறைந்தாலும் குத்தகைப் பணம் குறையாதா?

அங்கேயே கம்பெனிக்குப் போன் அடித்து ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டார். “சாட்டிலைட்ல பார்த்திருக்கோம் சார்” என்றார்கள். தண்ணீருக்கு “பேசிக்கலாம்”. மூன்றாவதைக் கேட்குமுன் லைன் போய்விட்டது.