ஜூரி அழைப்பாணை வந்தால்: தப்பெண்ணம் பற்றி அமெரிக்கச் சட்டம் என்ன சொல்கிறது?

அமெரிக்கக் குடியுரிமை பெற்று வாக்காளர் பட்டியலில் பெயரும் ஏறிவிட்டால், என்றாவது ஒருநாள் தபாலில் ஜூரி அழைப்பாணை வரலாம். வழக்கைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்லும் பொதுமக்கள் குழுதான் ஜூரி; அதன் உறுப்பினர் ஜூரர். கிரீன் கார்டு மட்டும் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கடமை இல்லை. கூட்டாட்சி நீதிமன்றம் என்றால் நாளொன்றுக்கு 50 டாலர் படி உண்டு. ஜூரிப் பணிக்குப் போனதற்காக முதலாளி வேலையிலிருந்து எடுக்க முடியாது. நடைமுறை பற்றி இவ்வளவு போதும். அந்த நாற்காலியில் உட்கார்ந்த பிறகு நம் மனது என்ன செய்யும், அதைச் சட்டம் எந்த இடத்தில் தடுக்கிறது, எந்த இடத்தில் தடுக்காமல் விடுகிறது என்பதைத்தான் இங்கே விளக்க விரும்புகிறேன்.

உரிமை குற்றம் சாட்டப்பட்டவருடையது. 1791-ல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் ஆறாவது திருத்தம், பாரபட்சமற்ற ஜூரியை அவருக்கு உறுதி செய்கிறது. மாநில நீதிமன்றங்களையும் இது கட்டுப்படுத்தும் என்று 1968-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆறு மாதத்துக்கு மேல் சிறைத்தண்டனை விதிக்கக்கூடிய குற்றம் என்றால் ஜூரி கேட்கலாம்.

‘பாரபட்சமற்ற’ என்றால் மனதில் எந்த எண்ணமுமே இல்லாதவர் என்று பொருளில்லை. அப்படி ஒருவரை எங்கே தேடுவது? தன் அபிப்பிராயத்தை ஒதுக்கிவைத்து, நீதிமன்றத்தில் வந்த சாட்சியத்தை மட்டும் வைத்து முடிவு செய்யக்கூடியவராக இருந்தால் போதும் என்று 1961-ல் இர்வின் வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கியது. ஆனால் ‘நான் நியாயமாக நடப்பேன்’ என்று ஜூரர் சொல்லிவிட்டால் மட்டும் போதாது என்பதையும் அதே வழக்கு காட்டியது. அந்த 12 ஜூரர்களில் எட்டுப் பேர், விசாரணை தொடங்கும் முன்பே குற்றம் சாட்டப்பட்ட இர்வின் குற்றவாளிதான் என்று நினைத்திருந்தார்கள். நியாயமாக நடப்போம் என்று எல்லோரும் உறுதி சொல்லியிருந்தும் தண்டனை ரத்தானது.

தப்பெண்ணம் என்றதும் வெறுப்பைக் கக்குகிற ஒரு மனிதரை நினைத்துக்கொள்கிறோம். ஜூரி அறையில் அது பெரும்பாலும் அப்படி வருவதில்லை. ஜூரர்கள் எப்படி யோசிக்கிறார்கள் என்று ஆராய்ந்த உளவியலாளர்கள் நான்சி பென்னிங்டனும் ரீட் ஹேஸ்டியும் கண்டது இது: ஜூரர்கள் சாட்சியத்தைக் கணக்குப் போடுவதுபோல் ஒவ்வொன்றாகக் கூட்டிக் கழிப்பதில்லை. கேட்டதையெல்லாம் கோத்து ஒரு கதையாக்குகிறார்கள். பிறகு, எந்தத் தீர்ப்பு அந்தக் கதையோடு பொருந்துகிறது என்று பார்க்கிறார்கள். சாட்சியத்தில் எப்போதும் இடைவெளிகள் இருக்கும். அவற்றை, ‘இந்த மாதிரி ஆட்கள் இப்படித்தான்’ என்று ஏற்கெனவே மனதில் இருப்பதை வைத்து நிரப்பிக்கொள்கிறோம். நிரப்பியது நாம்தான் என்பது நமக்கே தெரியாது. தர்க்கமாக யோசித்ததாகவே தோன்றும். எனக்கு இதில் அச்சம் தருவது இதுதான்.

கொலராடோவில் நடந்த பேனா-ரொட்ரிகஸ் வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். பதின்ம வயதுச் சகோதரிகள் இருவரிடம் தவறாக நடந்ததாகக் குற்றச்சாட்டு. தண்டனைத் தீர்ப்பு வந்த பிறகு, இரண்டு ஜூரர்கள் குற்றம் சாட்டப்பட்டவரின் வழக்கறிஞரிடம் ஒரு சக ஜூரரைப் பற்றிச் சொன்னார்கள். ‘அவர் மெக்சிகோக்காரர், அதனால் செய்திருப்பார்’ என்ற பொருளில் அவர் பேசியிருக்கிறார். சம்பவ நேரத்தில் குற்றம் சாட்டப்பட்டவர் வேறு இடத்தில் இருந்தார் என்று சொன்ன சாட்சியையும், ‘சட்டவிரோதமாகக் குடியேறியவர்’ என்று சொல்லி நம்ப மறுத்திருக்கிறார். அந்தச் சாட்சியோ, தான் சட்டப்படி வசிப்பவர் என்று நீதிமன்றத்திலேயே சொல்லியிருந்தார். காதில் விழுந்த சாட்சியத்தை ஏற்கெனவே இருந்த கதை தள்ளிவிட்டது.

சரி, சட்டம் இதை எங்கே தடுக்கிறது? முதல் தடுப்பு வாசலில். ஜூரரைத் தேர்ந்தெடுக்கும் முன் நீதிபதியும் வழக்கறிஞர்களும் கேள்வி கேட்பார்கள். பாரபட்சம் இருக்கிறது என்று காரணம் காட்டி எத்தனை பேரை வேண்டுமானாலும் நீக்கக் கோரலாம், முடிவு நீதிபதியுடையது. இது தவிர, காரணமே சொல்லாமல் சிலரை நீக்கும் உரிமையும் இரு தரப்புக்கும் உண்டு. கூட்டாட்சி நீதிமன்றத்தில் மரண தண்டனைக்கு இடமில்லாத பெருங்குற்ற வழக்குகளில் அரசுத் தரப்புக்கு 6, எதிர்த்தரப்புக்கு 10.

இந்தக் காரணம் சொல்லாத நீக்கமே பாரபட்சத்துக்குக் கருவியானது. கறுப்பினத்தவரை வரிசையாக நீக்கிவிட்டு வெள்ளையர் மட்டும் கொண்ட ஜூரியை அமைத்தார்கள். 1986-ல் பேட்சன் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்குத் தடை போட்டது. இனத்தை வைத்து நீக்குவதாகச் சந்தேகம் வந்தால் எதிராளி ஆட்சேபிக்கலாம்; நீக்கியவர் இனத்தோடு தொடர்பில்லாத காரணம் சொல்ல வேண்டும்; அது உண்மைக் காரணமா, சாக்கா என்பதை நீதிபதி தீர்மானிப்பார். 1994-ல் பாலினத்துக்கும் இது விரிந்தது.

நல்ல விதிதான். ஆனால் சாக்குச் சொல்லத் தெரிந்தவருக்கு இது பெரிய தடையாக இல்லை. மிசிசிப்பியில் கர்ட்டிஸ் ஃபிளவர்ஸ் என்பவரை ஒரே கொலை வழக்குக்காக ஆறு முறை விசாரித்தார்கள். அந்த ஆறு விசாரணைகளிலும் சேர்த்து, அரசுத் தரப்பு நீக்கியிருக்கக்கூடிய 42 கறுப்பின ஜூரர்களில் 41 பேரை நீக்கியது. ஆறாவது விசாரணையில், நீக்கப்பட்ட ஐந்து கறுப்பினத்தவரிடம் மொத்தம் 145 கேள்விகள். ஜூரியில் அமர்ந்த 11 வெள்ளையரிடம் எல்லாம் சேர்த்து 12. உச்ச நீதிமன்றம் 2019-ல் அந்தத் தண்டனையை ரத்து செய்தது. அதற்குள் அவர் இருபது ஆண்டுக்கு மேல் சிறையில் கழித்துவிட்டார். மறு ஆண்டு வழக்கே கைவிடப்பட்டது. இப்படி நீக்குபவரின் உள்நோக்கத்தை நிரூபிக்கத் தேவையில்லை என்று வாஷிங்டன் மாநிலம் 2018-ல் விதியை மாற்றியது. அரிசோனா 2022 தொடக்கத்திலிருந்து காரணம் சொல்லாத நீக்கத்தையே எடுத்துவிட்டது. எனக்கு அரிசோனா செய்ததுதான் சரி என்று படுகிறது.

வாசலைத் தாண்டி உள்ளே போன பிறகு நீதிபதியின் அறிவுரைகள்தான் கடிவாளம். நியாயமான சந்தேகத்துக்கு இடமின்றி அரசுத் தரப்பு குற்றத்தை நிரூபிக்க வேண்டும்; குற்றம் சாட்டப்பட்டவர் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை; அவர் சாட்சிக் கூண்டில் ஏறாமல் இருந்தால் அதை அவருக்கு எதிராக எடுத்துக்கொள்ளக் கூடாது. சில சமயம் பழைய தண்டனை ஒன்று சாட்சியமாக வரும். அவர் சொல்வதை நம்பலாமா என்று பார்க்க மட்டும் அதைப் பயன்படுத்துங்கள், இந்தக் குற்றத்தையும் செய்திருப்பார் என்று எண்ணாதீர்கள் என்று நீதிபதி சொல்வார். கேட்க எளிது, கடைப்பிடிப்பது கடினம். அதனால் சாட்சியத்தில் ஓர் இடைவெளி தென்படும்போது, ‘இதை எனக்கு யார் சொன்னது? சாட்சியா, நானா?’ என்று கேட்டுப் பார்ப்பது உதவும்.

யாரோடு உட்கார்ந்து யோசிக்கிறோம் என்பதும் முக்கியம். சாமுவேல் சாமர்ஸ் என்ற உளவியலாளர் 2006-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார். ஆய்வுக்காகவே அமைத்த மாதிரி ஜூரிகளில், பல இனத்தவர் கலந்த குழுக்கள் வெள்ளையர் மட்டும் இருந்த குழுக்களைவிட நீண்ட நேரம் விவாதித்தன, வழக்கின் விவரங்களை அதிகம் எடுத்துப் பேசின. கலந்த குழுவில் இருந்த வெள்ளையர்களே அதிகக் கவனத்தோடு பேசியதும் தெரிந்தது. 2020-லிருந்து கடுங்குற்ற வழக்குகளில் ஜூரியின் முடிவு எல்லா மாநிலத்திலும் ஒருமனதாக இருக்க வேண்டும். அதற்கு முன் லூயிசியானாவிலும் ஒரிகனிலும் 12 பேரில் 10 பேர் சொன்னால் தண்டிக்க முடிந்தது. லூயிசியானாவில் இந்த வகை விதி 1898-ல் வந்தது, கறுப்பின ஜூரர்களின் குரலைச் செல்லாததாக்குவதற்காக. இப்போது ஒரே ஒருவர் உடன்படாவிட்டாலும் மற்றவர்கள் அவரை ஒதுக்கிவிட்டுத் தண்டிக்க முடியாது.

தீர்ப்பு வந்த பிறகு கதவு கிட்டத்தட்ட மூடிவிடும். அறைக்குள் என்ன பேசினோம் என்று ஜூரர் பின்னால் சாட்சி சொல்லித் தீர்ப்பைக் கலைக்க முடியாது என்பது பழைய விதி. ஜூரர்கள் குடித்தார்கள், போதைப்பொருள் எடுத்தார்கள் என்ற புகாரைக்கூட 1987-ல் உச்ச நீதிமன்றம் இந்த விதியைக் காட்டி ஏற்கவில்லை. பேனா-ரொட்ரிகஸ் வழக்கில்தான், 2017-ல், ஒரு விதிவிலக்கு வந்தது. இனத் தப்பெண்ணத்தை நம்பியே தண்டிக்க முடிவெடுத்ததாக ஒரு ஜூரர் வெளிப்படையாகச் சொல்லியிருந்தால், நீதிபதி அதை விசாரிக்கலாம். மனதுக்குள் வைத்துக்கொண்டவரை இந்த விதிவிலக்கும் தொடாது.

ஆகவே கேள்வி கேட்கும் கட்டத்தில் உண்மையைச் சொல்லிவிடுங்கள். எல்லோர் முன்னும் சொல்லக் கூச்சமாக இருந்தால், தனியாகச் சொல்ல வேண்டும் என்று நீதிபதியிடம் கேட்கலாம். விவாத அறையில் யாராவது ‘இவர்கள் ஆளே அப்படித்தான்’ என்று பேசினால், எந்தச் சாட்சியம் அதைச் சொல்கிறது என்று அங்கேயே கேளுங்கள். அப்புறமும் நிற்கவில்லையா? ஒரு தாளில் எழுதி, கையெழுத்துப் போட்டு, கதவுக்கு வெளியே நிற்கும் நீதிமன்ற அலுவலரிடம் கொடுத்தால் அது நீதிபதிக்குப் போகும். யார் எந்தப் பக்கம் வாக்களித்தார்கள் என்பதை மட்டும் அதில் எழுதக் கூடாது.