‘விசா ஒரிஜினல்தான் சார்’

கிருஷ்ணகிரி நீதிமன்றத்தில் வழக்கறிஞராகத் தொழில் செய்கிறேன். கையில் இருப்பதில் பாதி நிலத் தகராறு, மீதி குடும்ப வழக்கு. ஆனால் சில வருடங்களாக, வெளிநாட்டில் மாட்டிக்கொண்ட பிள்ளையைப் பற்றிப் பேச ஆபீசுக்கு வரும் பெற்றோர் கூட்டம் கூடிக்கொண்டே போகிறது. பர்கூர், காவேரிப்பட்டினம், ஊத்தங்கரை, அந்தப் பக்கம் அரூர், பாப்பிரெட்டிப்பட்டி வரை.

போன வாரம் ஊத்தங்கரைப் பக்கத்து அப்பா, அம்மா, கூடவே தாய்மாமன். பையன் ஐ.டி.ஐ. முடித்த ஃபிட்டர். மலேசியாவில் கம்பெனி வேலை என்று போனவன் ஓட்டலில் பாத்திரம் கழுவியிருக்கிறான். இமிகிரேஷன் ரெய்டில் பிடித்துத் தடுப்பு முகாமில் வைத்திருக்கிறார்கள். அம்மா துணிக்கடைப் பைக்குள்ளிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்து, அதற்குள்ளிருந்து பையனின் “பர்மிட்” நகலை எடுத்து மேசை மேல் வைத்தார். கலர் பிரிண்ட், லேமினேஷன் வேறு. வாங்கிப் பார்த்தால், அது மலேசியாவின் டிஜிட்டல் வருகை அட்டை. அந்த நாட்டுக்குச் சுற்றிப் பார்க்கப் போகிறவர்கள்கூட, போய் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் இணையத்தில் இலவசமாக நிரப்பித் தர வேண்டிய படிவம். அதை “இதாம்மா பர்மிட்டு, பத்திரமா வச்சுக்கங்க” என்று கொடுத்துவிட்டு ஒன்றரை லட்சம் வாங்கியிருக்கிறார் ஏஜென்ட். பணம் நூற்றுக்கு மூன்று வட்டிக்கு வாங்கியது.

இது வேலைக்கான தாளே இல்லை என்று நான் சொன்னதும் தாய்மாமனுக்குக் கோபம் வந்துவிட்டது. “போலி எல்லாம் இல்லைங்க சார். ஸ்கேன் பண்ணிப் பார்த்தோம், அவன் பேரு வருது. ஏர்போர்ட்ல சீல் குத்தி உள்ள விட்டிருக்காங்க. விசா ஒரிஜினல்தான் சார்.”

இந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய்த்தான் இதை எழுதுகிறேன்.

நம் பக்கத்தில் ‘இல்லீகல்’ என்றால் கள்ளத்தோணியில் போவது, காட்டு வழியாக எல்லை தாண்டுவது, பாஸ்போர்ட்டில் போட்டோ மாற்றி ஒட்டுவது என்றுதான் நினைக்கிறார்கள். என் பிள்ளை ஏரோப்பிளேனில், சொந்த பாஸ்போர்ட்டில், சீல் வாங்கித்தானே போனான், அவன் எப்படி இல்லீகல் ஆவான் என்று கேட்கிறார்கள். ஆவான். என்னிடம் வரும் விஷயங்களில் போலி விசா அபூர்வம். எல்லாம் அசல்தான். விசா அசலா போலியா என்பது ஒரு கேள்வி. அது எதற்காகக் கொடுக்கப்பட்டது, எத்தனை நாளுக்குக் கொடுக்கப்பட்டது என்பது வேறு கேள்வி. ஓசூர் வரைக்கும் டிக்கெட் எடுத்துவிட்டு பெங்களூரு வரை உட்கார்ந்திருந்தால், செக்கிங் ஏறும்போது “டிக்கெட் ஒரிஜினல் சார்” என்று சொல்லி என்ன பயன்?

விசிட் விசா என்றால் பார்த்துவிட்டு வருவதற்கு. சம்பளத்துக்கு ஒரு நாள் வேலை செய்தாலும் அது அனுமதி மீறல். நாள் கணக்கு முடியவில்லையே என்பது பதில் ஆகாது. 2023 டிசம்பர் முதல் இந்தியர்கள் விசாவே எடுக்காமல் மலேசியா போய் 30 நாள் தங்கலாம் என்று அந்த அரசு சலுகை கொடுத்தது. சுற்றுலாவுக்காகக் கொடுத்தது. அந்த 30 நாள் சீலைத்தான் ‘வேலை விசா’ என்று ஊரில் விற்கிறார்கள். சுற்றிப் பார்க்க விசாவே தேவைப்படாத நாட்டுக்கு விசாவுக்கென்று காசு வாங்குகிறார்கள் என்றால், நம் ஆட்கள் எவ்வளவு விசாரிக்கிறார்கள் என்பது ஏஜென்டுக்குத் தெரிந்திருக்கிறது.

அடுத்து வரும் பேச்சு, “அங்க போய் மாத்திக்கலாம்.” துபாயில் விசிட்டில் போனவர் வேலை விசாவுக்கு மாறுவதற்குச் சட்டத்தில் வழி இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். ஆனால் ஆளை எடுக்கும் கம்பெனி முதலில் பர்மிட் வாங்க வேண்டும், அது கைக்கு வரும்வரை வேலையில் நிற்கக் கூடாது. இந்த இரண்டாவது பாதியை எந்த ஏஜென்டும் சொல்வதில்லை. கம்பெனி நாளைக்கு, அடுத்த வாரம் என்று இழுக்கும். விசிட் முடிந்த பிறகு நாளுக்கு 50 திர்ஹாம் அபராதம் ஏறிக்கொண்டே இருக்கும். மலேசியாவில் கூலி வேலைக்கு அந்த வழியும் கிடையாது. முதலாளி, வெளிநாட்டு ஆள் எடுக்க அரசிடம் ஒதுக்கீடு வாங்கி, அனுமதிக் கடிதம் வந்து, அந்தக் கடிதத்தின் பேரில் விசா எடுத்துத்தான் உள்ளே நுழைய வேண்டும். அந்த ஒதுக்கீட்டுக்குப் புது விண்ணப்பம் வாங்குவதையே 2023 மார்ச்சில் நிறுத்தி வைத்தார்கள். வாசல் மூடியிருந்த காலத்திலும் இங்கே பேருந்து நிலையத்துச் சுவரில் ‘மலேசியா ஆட்கள் தேவை’ நோட்டீஸ் ஒட்டிக்கொண்டுதான் இருந்தார்கள்.

பர்மிட் இல்லாத ஆளுக்கு முதலாளி சம்பளம் நிறுத்தினால் அவன் யாரிடம் போய்ச் சொல்வான்? போலீசைக் கண்டாலே ஒளிய வேண்டியவன் அவன். அது முதலாளிக்கும் தெரியும். அதனால்தான் இவர்களை எடுக்கிறார்கள். அனுமதிக் காலம் தாண்டித் தங்கினால் மலேசியச் சட்டத்தில் 5 ஆண்டு வரை சிறை. முறையில்லாமல் உள்ளே நுழைந்தால் பிரம்படியும் உண்டு. அந்தத் தாய்மாமனிடம் இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பையன் சீல் வாங்கி நுழைந்தவன், அதனால் பிரம்படிப் பிரிவு வராது என்பதை மட்டும் சொன்னேன்.

சரி, இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. அதையும் பேசியாக வேண்டும்.

2025 பிப்ரவரி 5 அன்று அமெரிக்க ராணுவ விமானம் ஒன்று 104 இந்தியர்களைக் கைவிலங்கு, கால்விலங்கோடு கொண்டுவந்து அமிர்தசரசில் இறக்கியது. அன்றைக்கு வழக்கறிஞர்கள் அறையிலும் இதே பேச்சுதான். “சட்டப்படி வரிசையில நின்னு போக வேண்டியதுதானே? குறுக்கு வழியில போனா இப்படித்தான்” என்றார்கள். இதைச் சொல்பவர்களில் பலருக்குப் பிள்ளைகள் அங்கே சாஃப்ட்வேர் வேலையில் இருக்கிறார்கள், கிரீன் கார்டுக்கு, அதாவது அங்கே நிரந்தரமாகத் தங்கும் அனுமதிக்கு, காத்துக் காத்துச் சலித்திருக்கிறார்கள். அவர்கள் எரிச்சல் எனக்குப் புரிகிறது. ஆனால் எந்த வரிசை என்று கேட்டால் பதில் வராது.

படித்தவர்களுக்கான ஹெச்1பி விசா ஆண்டுக்கு 85,000, அதுவும் குலுக்கல் முறையில், உலகம் முழுவதற்கும் சேர்த்து. 2025 செப்டம்பரில் புது விண்ணப்பத்துக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று அறிவித்தார்கள். வேலை அடிப்படையிலான கிரீன் கார்டு ஆண்டுக்குச் சுமார் 1,40,000. எந்த ஒரு நாட்டுக்கும் பொதுவாக 7 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. 140 கோடி பேர் இருக்கும் நாட்டுக்கும் அதே 7, சின்னஞ்சிறு தீவுக்கும் அதே 7. அதனால்தான் 2025 கடைசியிலும் முக்கியப் பிரிவுகளில் 2013-இல் பதிந்த இந்தியர்களின் முறைதான் ஓடிக்கொண்டிருந்தது. அண்ணன் குடியுரிமை வாங்கித் தம்பிக்கு மனுப் போட்டால், 2006 வாக்கில் போட்டவர்களுக்குத்தான் இப்போது முறை. தம்பிக்குப் பேரன் பிறந்துவிடும். இவை எல்லாமே படிப்போ, அங்கே சொந்தமோ உள்ளவர்களுக்கு. இரண்டும் இல்லாதவர்களுக்கு இருக்கும் பிரிவில் ஆண்டுக்கு 10,000 இடம்கூடக் கிடைப்பதில்லை, அதுவும் உலகத்துக்கே. ‘கிரீன் கார்டு லாட்டரி’ என்று ஒன்று இருக்கிறது, அதில் இந்தியர்கள் கலந்துகொள்ளவே முடியாது. (இந்த லாட்டரியில் பெயர் பதிந்து தருவதாக தர்மபுரியில் ஒருவர் காசு வசூலித்த விஷயமும் என் ஆபீசுக்கு வந்திருக்கிறது.) இங்கிலாந்தில் முதியோர் பராமரிப்பு வேலைக்கு இங்கிருந்து நேராகப் போகும் வழி 2025 ஜூலை 22-ஆம் தேதியோடு மூடிவிட்டது.

ஆகவே வரிசையில் நிற்காமல் ஓடினான் என்று அந்தப் பையன்களைத் திட்டுவது எனக்கு ஒப்பாது. பெரும்பாலானவர்களுக்கு வரிசையே கிடையாது. ஒரு நாடு யாரை உள்ளே விடுவது என்று முடிவு செய்ய அதற்கு உரிமை உண்டு, அதையும் ஒத்துக்கொள்கிறேன். என் கவலை வேறு. நேர்வழி இவ்வளவு குறுகலாக இருப்பதால்தான் “நான் பாத்துக்கறேன்” என்று ஒருவன் சொன்னதும் நம் ஜனம் நிலத்தை அடகு வைக்கிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஓசூர் சிப்காட்டில் வேலை செய்யும் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் ஆட்களையும் இதே மூச்சில் ‘இல்லீகல்’ என்று பேசுகிறார்கள். தப்பு. இந்தியக் குடிமகன் நாட்டில் எங்கும் போகலாம், தங்கலாம் என்று அரசமைப்புச் சட்டம் 19-ஆம் உறுப்பிலேயே இருக்கிறது. அந்த உரிமையில்தான் நம் ஊத்தங்கரை, அரூர் ஆட்கள் பெங்களூரில் கட்டட வேலை செய்கிறார்கள்.

வெளிநாடு போகிறேன் என்று யாராவது சொன்னால், தயவுசெய்து இதையெல்லாம் பாருங்கள். ஆள் அனுப்பும் ஏஜென்டுக்கு 1983 குடியேற்றச் சட்டப்படி மத்திய அரசின் பதிவுச் சான்று இருக்க வேண்டும். ‘இ-மைக்ரேட்’ தளத்தில் பதிவெண்ணைப் போட்டால் உண்டா இல்லையா என்று உடனே தெரியும். “நான் சென்னை ஆபீசுக்கு சப்-ஏஜென்ட்” என்றால் எழுந்து வந்துவிடுங்கள், அப்படி ஒரு பதவி சட்டத்தில் இல்லை. பதிவு பெற்றவர் வாங்கக்கூடிய கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாய், ஜி.எஸ்.டி. சேர்த்தால் 35,400. அதற்கு ரசீது உண்டு. லட்சக்கணக்கில் ரொக்கமாகக் கேட்பவரிடம் எதற்கு என்று கேளுங்கள். வெற்றுப் புரோநோட்டில் கையெழுத்துப் போடவே போடாதீர்கள். பின்னால் அந்தப் புரோநோட்டை வைத்து உங்கள் மீதே வழக்குப் போடுவார்கள், போட்டுமிருக்கிறார்கள்.

“ஏர்போர்ட்ல கேட்டா டூருக்குப் போறேன்னு சொல்லு” என்று ஏஜென்ட் சொல்லிக் கொடுத்தாலே போதும், அது வேலை விசா இல்லை என்று அவனே ஒப்புக்கொண்டுவிட்டான். உண்மையான வேலை விசாவில் போகிறவன் ஏன் பொய் சொல்ல வேண்டும்?

பத்தாம் வகுப்பு தேறாதவர்களின் பாஸ்போர்ட்டில் ஈ.சி.ஆர். (குடியேற்றச் சோதனை தேவை) என்று இருக்கும். வளைகுடா நாடுகள், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு அவர்கள் வேலைக்குப் போகச் சென்னையில் உள்ள குடியேறுவோர் பாதுகாவலர் அலுவலகத்தின் அனுமதி வேண்டும். அலைச்சல் என்று இதைத் தாண்டப் பார்க்கிறார்கள். அந்த அனுமதிக்குப் போனால்தான் ஒப்பந்தம் பதிவாகிறது, இரண்டு ஆண்டுக்கு 275 ரூபாயில் 10 லட்சம் காப்பீடும் கிடைக்கிறது. பத்து தேறியவர்களுக்கு இந்தத் தடை இல்லை. தடை இல்லை என்றால் எங்கே போயும் வேலை செய்யலாம் என்று அர்த்தமில்லை. உங்களைத் தடுத்து நிறுத்திக் கேட்க ஆளில்லை, அவ்வளவுதான். தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி வேலை என்று போய், எல்லை தாண்டி மியான்மரில் இணைய மோசடிக் கூடங்களில் அடைபட்டவர்களில் பலர் பட்டதாரிகள். 2025 மார்ச்சில் விமானப்படை விமானம் அனுப்பித்தான் ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்களை மீட்டார்கள்.

நேர்வழி தேடுகிறவர்கள், தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978-லிருந்து சென்னையில் இருக்கிறது, முதலில் அங்கே விசாரியுங்கள். நர்சிங் படித்த பெண்கள் ஜெர்மன் மொழியை பி1, பி2 அளவுக்குக் கற்றுக்கொள்ள ஒரு வருடம் செலவழியுங்கள். 

ஏற்கெனவே பிள்ளை அங்கே மாட்டிக்கொண்டிருந்தால், முதலில் ஏஜென்டுக்கு மறுபடி பணம் அனுப்புவதை நிறுத்துங்கள். “இன்னும் ஐம்பதாயிரம் கொடுத்தா வெளிய எடுத்துடுவேன்” என்பான், அது அவன் கையில் இல்லை. வெளியுறவு அமைச்சகத்தின் ‘மதத்’ தளத்தில் புகார் பதியுங்கள், அதே நாளில் அயலகத் தமிழர் நலத்துறைக்கும் எழுதுங்கள். பாஸ்போர்ட் முதலாளியிடம் சிக்கியிருந்தாலும் தூதரகம் அவுட்பாஸ் (ஊர் திரும்ப மட்டும் உதவும் பயணச் சான்று) கொடுக்கும். சில நாடுகளில் அவ்வப்போது பொதுமன்னிப்பு அறிவிப்பார்கள், அந்தச் சமயத்தில் வந்துவிடுவது நல்லது. அமீரகத்தில் 2024 செப்டம்பர் முதல் டிசம்பர் வரை அப்படி ஒன்று இருந்தது. “இன்னும் கொஞ்சம் சம்பாதிச்சிட்டு வரேன்” என்று அதைத் தவறவிட்டவர்கள் இருக்கிறார்கள்.

இங்கே எஸ்.பி. அலுவலகத்தில் ஏஜென்ட் மேல் புகார் கொடுங்கள். மோசடிக்கு பி.என்.எஸ். (பாரதிய நியாய சன்ஹிதா) 318(4), பதிவில்லாமல் ஆள் அனுப்பியதற்குக் குடியேற்றச் சட்டம் 10, 24. (24-ஆம் பிரிவில் சிறை 2 ஆண்டு வரை, அபராதம் 2,000 ரூபாய் வரைதான், 1983-இல் எழுதிய தொகை. அதனால் மோசடிப் பிரிவையும் சேர்க்கச் சொல்லி வற்புறுத்துங்கள்.) மத்திய அரசு அனுமதி இல்லாமல் வழக்குப் போட முடியாது என்று யாராவது திருப்பி அனுப்பினால், 27-ஆம் பிரிவின் விதிவிலக்கைக் காட்டுங்கள். பாதிக்கப்பட்டவரோ, அவருக்காக அப்பா, அம்மா, கணவன், மனைவி, பிள்ளைகள், உடன்பிறந்தவர்களோ புகார் கொடுத்தால் அந்த அனுமதி தேவையில்லை. தாய்மாமன் அந்தப் பட்டியலில் இல்லை. கையெழுத்தை அப்பாவோ அம்மாவோ போடட்டும்.

வரும்போது பாஸ்போர்ட் நகல், பணம் அனுப்பிய ஜிபே ஸ்கிரீன்ஷாட், ஏஜென்ட் அனுப்பிய வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜ்கள், டிக்கெட் நகல் எல்லாவற்றையும் கொண்டுவாருங்கள். கோபத்தில் அந்த மெசேஜ்களை அழித்துவிடாதீர்கள், பெரும்பாலும் நம்மிடம் இருக்கும் சாட்சியம் அது ஒன்றுதான்.