இலத்தீனாக்கம்

பிறமொழிச் சொல்லையோ பெயரையோ இலத்தீன் இலக்கணத்துக்கு உட்பட்டு வேற்றுமை ஏற்கும்படி மாற்றியமைப்பதே இலத்தீனாக்கம். ரோம் நகரைச் சூழ்ந்த இலாத்தியம் என்னும் நிலப்பகுதியின் பெயரிலிருந்து இலத்தீன் என்ற மொழிப்பெயர் வந்தது. லகரம் மொழிமுதலில் வாராது என்பதால் நாம் இகரம் சேர்த்து எழுதுகிறோம்; ஆக, இச்சொல்லே தமிழாக்கம் பெற்ற ஒன்றுதான். 'லத்தினைசேஷன்' என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு ரோமனாக்கம் என எழுதுவோரும் உண்டு. 1928இல் துருக்கி அரபு எழுத்தை விட்டு இலத்தீன் எழுத்தை ஏற்றது போன்ற எழுத்து மாற்றத்துக்கு அது பொருந்தலாம். சொல்லின் உருவமே மாறும் இடத்தில் பொருந்தாது.

ஐரோப்பிய அறிஞர்கள் இலத்தீனில் எழுதிவந்த காலத்தில், எழுவாயாகவும் உடைமைப் பொருளிலும் தம் பெயர் திரிய வேண்டியிருந்தமையால், அதற்கு இலத்தீன் ஈறு தேவைப்பட்டது. போலந்தின் கோப்பர்னிக் 'கோப்பர்னிக்குஸ்' ஆனார். 1543இல் அச்சான அவருடைய வானியல் நூலின் முகப்பிலோ, 'கோப்பர்னிக்குஸின் நூல்' என்னும் பொருள்பட, 'கோப்பர்னிக்கி' என்றே அப்பெயர் காணப்படுகிறது. சிலர் பெயரை மொழிபெயர்த்தே கொண்டனர்: உழவர் எனப் பொருள்படும் பவர், 'அக்ரிக்கோலா' ஆனார், வணிகர் எனப் பொருள்படும் கிரேமர், 'மெர்க்காத்தோர்' ஆனார். பாரசீக மருத்துவ அறிஞர் இப்னு சீனா 'அவிசென்னா' ஆனதும், சீனத்து மெய்யியலாளர் கொங் ஃபூட்சு 'கன்பூசியசு' ஆனதும் பிறர் செய்த வேலை. கணித அறிஞர் அல்-குவாரிசுமியின் பெயர் 'அல்கோரித்மி' ஆகி, இன்று கணினித் துறையில் வழங்கும் அல்காரிதம் என்ற சொல்லுக்கு மூலமாயிற்று.

நமக்கு நெருக்கமான சான்றுகள் தாவரவியலில்தான் உள்ளன. மாங்காய் என்ற சொல் போர்த்துகீசியரிடம் 'மங்கா' ஆகி, 'தாங்குவது' எனப் பொருள்படும் இலத்தீன் உறுப்போடு சேர்ந்து, 1753இல் சுவீடன் தாவரவியலாளர் லின்னேயசின் நூலில் 'மாங்கிஃபெரா' எனப் பேரினப் பெயராயிற்று. முருங்கை 'மொரிங்கா' ஆனதில் மாற்றம் இன்னும் குறைவு. ஆகார ஈற்றால் அது இலத்தீனில் பெண்பாற்பெயராகக் கொள்ளப்பட, 'எண்ணெய் தருவது' என்னும் அடைமொழியும் அப்பாலுக்கு இயைந்து 'ஒலெய்ஃபெரா' என்றே நிற்கிறது.