கேட்ட எழுத்துரு இல்லாதபோது எது வருகிறது?

தமிழ் ஆவணங்களை உருவாக்கும் மென்பொருள்களைச் சோதிக்கும் என் பணியில் ஒரு குறையை அடிக்கடி காண்கிறேன். உருவாக்குநரின் கணினியில் சரியாகத் தெரிந்த ரசீது, சர்வரில் பிடிஎஃப் கோப்பாக மாறும்போது வெற்றுக் கட்டங்களாகிவிடுகிறது; பிழைச் செய்தி எதுவும் பதிவாவதில்லை. லினக்ஸில் எழுத்துருவைத் தேர்ந்து தரும் ஃபான்ட்கான்ஃபிக் நிரலகத்தின் வடிவமைப்பைப் புரிந்துகொண்டால் காரணம் விளங்கும்.

லினக்ஸில் திரைக்காட்சியைக் கையாளும் பழைய எக்ஸ் விண்டோ அமைப்பில் 14 கூறுகள் கொண்ட நீண்ட பெயரால் எழுத்துருவைக் கேட்க வேண்டும். பொருந்துவது இல்லையென்றால் கோரிக்கை தோற்றுவிடும். கீத் பேக்கர்டு 2002-ஆம் ஆண்டளவில் உருவாக்கிய ஃபான்ட்கான்ஃபிக், எழுத்துகளை வரையும் வேலையைப் பிறரிடம் விட்டுவிட்டுத் தேர்வை மட்டும் எடுத்துக்கொண்டது. குடும்பப் பெயர், மொழி, தடிமன், சாய்வு முதலான பண்புகளின் தொகுப்பாகக் கோரிக்கையைப் பெற்று, நிறுவப்பட்டுள்ள எழுத்துருக்களில் மிக நெருக்கமானதை அது தருகிறது. ஓர் எழுத்துருவாவது இருக்கும்வரை அது 'இல்லை' என்று சொல்வதில்லை. பயனருக்கு இது நன்மைதான். ஆனால் வந்தது எது என்று பார்க்காத நிரலுக்கு இதுவே ஆபத்து.

பண்புகளின் முன்னுரிமை வரிசை மிகுந்த சிந்தனையோடு அமைக்கப்பட்டது. நிரல் தானே கேட்ட குடும்பப் பெயர் மொழியைவிட வலுவானது. உள்ளமைவுக் கோப்புகள் மாற்றாகச் சேர்க்கும், 'சான்ஸ்-செரிஃப்' போன்ற பொதுப் பெயர்கள் மொழியைவிட வலுக்குறைந்தவை. ஆகவே நிரல் கேட்ட 'லதா' என்ற தமிழ் எழுத்துரு இல்லாத கணினியிலும், கோரிக்கையில் தமிழ் என்ற மொழிக்குறிப்பு இருந்தால், தமிழுக்கான வேறோர் எழுத்துரு முந்திக்கொள்ளும். குறிப்பு இல்லையென்றால் கணினியின் மொழி அமைப்பிலிருந்து அது நிரப்பப்படும். சர்வர்களில் அது பெரும்பாலும் ஆங்கிலமாகவே இருப்பதால், தமிழ் எழுத்துரு நிறுவப்பட்டிருந்தும் தேர்வாகாமல் போகலாம்.

ஓர் எழுத்துரு தமிழுக்கு உரியதா என்பதை, தமிழுக்குத் தேவையான யூனிகோடு எழுத்துகள் அதில் உள்ளனவா என்று பார்த்தே நிரலகம் முடிவு செய்கிறது. பாமினி போன்ற பழைய குறியாக்க எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடங்களில் தமிழ் வடிவங்களை வைத்திருப்பதால், நிரலகத்தின் கண்ணுக்கு அவை தமிழ் எழுத்துருக்களே அல்ல. யூனிகோடு எழுத்துகள் இருந்தாலும் போதாது: 'கு', 'மூ' போன்றவற்றை இணைந்த வடிவில் காட்டும் ஓப்பன்டைப் விதிகளும் எழுத்துருவில் இருக்க வேண்டும். அவ்விதிகள் எந்த எழுத்து முறைக்கு உள்ளன என்பதை நிரலகம் தனிப் பண்பாகப் பதிவு செய்கிறது. மொழிக்குறிப்பு மட்டும் அதை உறுதி செய்யாது.

எனவே எழுத்துருக் கோப்பின் பாதையை நிரலுக்குள் எழுதிவைக்காதீர்கள். மொழியைக் குறிப்பிட்டுக் கேளுங்கள். கிடைத்த எழுத்துருவின் பெயரைப் பதிவேட்டில் எழுதுங்கள். ஆவணத்திலுள்ள ஒவ்வோர் எழுத்தும் அதில் உண்டா என்று சோதித்து, இல்லையென்றால் ஆவண உருவாக்கத்தை அங்கேயே நிறுத்துங்கள். சான்றிதழில் பெயருக்குப் பதில் கட்டங்களைப் பெற்றவர், தவறு எங்கே நேர்ந்தது என்று கண்டறியும் நிலையில் இருப்பதில்லை.