சென்னையைச் சுற்றிப் பார்க்க வரும் மூன்று வயதுக்காரர்கள்

கோடை விடுமுறையிலும் தொடர் விடுமுறை நாட்களிலும் வெளியூரிலிருந்து சென்னைக்கு வரும் குடும்பங்கள் பெரும்பாலும் ஒரே திட்டத்தோடு வருகின்றன: காலையில் வண்டலூர் உயிரியல் பூங்கா, மதியம் எழும்பூர் அருங்காட்சியகம், மாலையில் மெரினா, இரவில் தியாகராய நகரில் துணி எடுப்பது. பெரியவர்களுக்கே மூச்சு வாங்கும் இந்தத் திட்டத்தில் இரண்டு, மூன்று வயதுக் குழந்தையும் சேர்ந்து அலைய வேண்டியிருக்கிறது என்பதைப் பலரும் யோசிப்பதில்லை. அதன் விளைவைக் குழந்தைகள் நல மருத்துவரான நான் மறுநாள் வெளிநோயாளிப் பிரிவில் பார்க்கிறேன். பிள்ளை தோளில் துவண்டு கிடக்கும். "நேத்து ராத்திரி வரைக்கும் நல்லாத்தான் இருந்தான் டாக்டர்" என்பார் தாய். விசாரித்துப் பார்த்தால், முந்தைய நாள் மதியமே அவன் சரியாக இல்லை என்பது தெரியவரும்.

"கடைசியாக எப்போது சிறுநீர் கழித்தான்?" என்பதுதான் நான் முதலில் கேட்கும் கேள்வி. பெற்றோர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். வழியில் கழிப்பறைக்கு எங்கே போவது என்ற தயக்கத்தில் குழந்தைக்குத் தண்ணீர் கொடுப்பதையே குறைத்துவிடும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. வெயிலில் இதைவிடத் தவறான சிக்கனம் வேறில்லை. உடல் எடையோடு ஒப்பிட்டால் சிறு குழந்தையின் தோல் பரப்பு பெரியவர்களுடையதைவிட அதிகம், வியர்ப்பதோ குறைவு. ஆகவே வெளியிலிருக்கும் சூட்டை அவர்களுடைய உடல் விரைவாக வாங்கிக்கொள்கிறது. விளையாட்டில் மூழ்கிய பிள்ளை தாகமென்று தானாகக் கேட்பதும் அரிது. அரைமணிக்கு ஒருமுறை நாமே நான்கு வாய் தண்ணீர் கொடுக்க வேண்டும். ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை என்றாலோ, போனது அடர் மஞ்சளாக இருந்தாலோ அன்றைய சுற்றுலாவை அத்தோடு முடித்துக்கொள்வது நல்லது. கழிப்பறைக்குச் சொல்லப் பழகிய குழந்தையாயினும் வெளியூர்ப் பயணத்தன்று ஒரு டயாப்பர் கட்டிவிடுவதால் பழக்கம் ஒன்றும் கெட்டுவிடாது. ஆறு மாதம் நிறையாத குழந்தைக்குத் தண்ணீர் வேண்டாம், தாய்ப்பாலை அடிக்கடி கொடுத்தால் போதும். பேருந்து நிலையங்களில் பாலூட்டும் தாய்மார்களுக்கான அறைகளைத் தமிழக அரசு 2015ஆம் ஆண்டிலேயே திறந்தது. அவற்றைத் தயங்காமல் பயன்படுத்துங்கள்.

நீரிழப்பை ஈடுசெய்யும் உப்பு-சர்க்கரைக் கலவையான ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தைப் பலர் பையில் வைத்திருக்கிறார்கள், ஆனால் ஒரு டம்ளர் நீரில் ஒரு சிட்டிகை போட்டுக் கொடுக்கிறார்கள். ஒரு லிட்டருக்கான பொட்டலம் என்றால் முழுவதையும் ஒரு லிட்டர் நீரில்தான் கலக்க வேண்டும். அளவு மாறினால் பயனில்லாமல் போகலாம், கெடுதலும் செய்யலாம். அட்டைப்பெட்டியில் விற்கப்பட்ட இனிப்புப் பானங்களை ஓ.ஆர்.எஸ். என்ற பெயரை நம்பிப் பலர் வாங்கிக் கொடுத்தார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் கலவையில் இல்லாத பானங்கள் அப்பெயரைத் தாங்கக் கூடாதென்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவிட்டது மிகத் தாமதம் என்பதே என் கருத்து. இன்னொன்று: வெயிலில் திரிந்த குழந்தையின் உடல் அனலாகக் கொதித்து, கூப்பிட்டால் சரியாகத் திரும்பிப் பார்க்காமல் இருந்தால், பாரசிட்டமால் கொடுத்துவிட்டுக் காத்திருக்கக் கூடாது. வெப்பத் தாக்குக்கு அந்த மருந்து வேலை செய்யாது. நிழலுக்குக் கொண்டுபோய், உடைகளைக் களைந்து, உடல் முழுவதும் நீரால் நனைத்து விசிறிக்கொண்டே 108ஐ அழையுங்கள்.

இதனால்தான் ஒரு நாளைக்கு ஓரிடம் போதும் என்கிறேன். வண்டலூருக்குச் செல்வதாக இருந்தால் காலையில் கதவு திறக்கும்போதே போய், மின்கல வண்டியில் ஒரு சுற்று சுற்றிவிட்டு, பதினொரு மணிக்குள் வெளியேறிவிடலாம்; செவ்வாய்க்கிழமை விடுமுறை என்பதை நினைவில் வையுங்கள். வெள்ளிக்கிழமை தவிர்த்த ஒரு நாளை எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு ஒதுக்குங்கள். 1851இல் தொடங்கப்பட்ட அந்த இடத்தில் பெரியவர்கள் செப்புத்திருமேனிகளைத் தேடிப் போவார்கள். மூன்று வயதுக் குழந்தையோ திமிங்கல எலும்புக்கூட்டின் முன்னால் நின்றுவிடும். நிற்கட்டும்.

மெரினாவில் அலையைப் பற்றி எல்லோருக்கும் தெரியும்; அங்கே நீரடியில் உள்ளிழுப்பு பலமானது, முழங்கால் அளவு நீரிலும் குழந்தையின் கையை விடக் கூடாது. நான் அதிகம் அஞ்சுவது காகிதப் பொட்டலத்தில் வரும் சுண்டலையும் வறுகடலையையும்தான். கடைவாய்ப் பற்கள் முழுமையாக வராத வயதில் நிலக்கடலையையோ வறுத்த பட்டாணியையோ அரைத்து மெல்ல முடியாது. ஓடிக்கொண்டே, சிரித்துக்கொண்டே தின்னும்போது அது மூச்சுக்குழாய்க்குள் போய்விடுகிறது. நம் நாட்டில் குழந்தைகளின் மூச்சுக்குழாயிலிருந்து எடுக்கப்படும் பொருட்களில் நிலக்கடலைக்குத்தான் முதலிடம். திடீரென்று இருமல் வந்து, பிறகு அடங்கி, சில நாள் கழித்து ஒரு பக்க நெஞ்சில் மட்டும் வீசிங் சத்தத்தோடு வரும் பிள்ளைகள் உண்டு. ஐந்து வயது வரை கடலை வகைகளைத் தவிர்க்கவும். மாங்காய்க் கீற்றையும் மெல்லியதாக நறுக்கித் தரவும். மூச்சடைத்து, அழவோ இருமவோ முடியாமல் போனால் வாய்க்குள் விரலை விட்டுத் துழாவ வேண்டாம், பொருள் இன்னும் உள்ளே போய்விடும். குழந்தையை முன்னால் குனியவைத்துத் தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து முறை ஓங்கித் தட்டுங்கள். வெளிவராவிட்டால், ஒரு வயதுக்கு மேற்பட்ட குழந்தைக்குத் தொப்புளுக்குச் சற்று மேலே மடக்கிய கைமுட்டியை வைத்து உள்ளும் மேலுமாக ஐந்து முறை அழுத்துங்கள். அதற்குக் குறைந்த வயதென்றால் தலை தாழ்ந்திருக்க முன்கையில் கிடத்தி முதுகில் தட்டி, பின் நெஞ்செலும்பின் மீது ஒரு உள்ளங்கையின் அடிப்பகுதியால் அழுத்த வேண்டும். இரண்டையும் மாறி மாறித் தொடர்ந்துகொண்டே உதவிக்கு ஆளைக் கூப்பிடுங்கள்.

நம் நடைபாதைகளில் தள்ளுவண்டி ஓடாது. ஓடினாலும் வாகனப் புகைக்குழாயின் உயரத்தில்தான் குழந்தையின் மூக்கு இருக்கும். மார்போடு அணைத்துக் கட்டும் துணிப்பையே மேல். தள்ளுவண்டி கொண்டுவந்தே தீருவோம் என்பவர்கள், வெயிலுக்கென்று அதன் மேல் துண்டைப் போட்டு மூட வேண்டாம், காற்றோட்டம் நின்று உள்ளே சூடு ஏறும். மெட்ரோ நிலையங்களில் நகரும் படிக்கட்டை விட மின்தூக்கியே நல்லது. மென்மையான ரப்பர் செருப்பும் தரையில் புரளும் பாவாடையும் படிக்கட்டின் ஓரத்தில் சிக்கிக்கொள்ளும். உறவினரின் இருசக்கர வாகனத்தில் குழந்தையைப் பெட்ரோல் டேங்கின் மேல் உட்கார வைக்கும் வழக்கத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும்: ஒன்பது மாதம் முதல் நான்கு வயது வரையிலான குழந்தைக்குத் தலைக்கவசமும் ஓட்டுநரோடு பிணைக்கும் பாதுகாப்புப் பட்டையும் கட்டாயம், வேகம் 40 கிலோமீட்டருக்கு மிகக் கூடாது என்ற விதி 2023 பிப்ரவரியிலிருந்து நடைமுறையில் உள்ளது.

கூட்டத்தில் குழந்தை தவறிவிடுவது குறித்துப் பெற்றோர் என்னிடம் கேட்பதில்லை, ஆனாலும் நானே சொல்லிவிடுகிறேன். "உன் அம்மா பெயர் என்ன?" என்றால் "அம்மா" என்று பதில் சொல்லும் வயது அது, ஊர் பெயரும் தெரியாது. தீபாவளிக் கூட்டத்தில் ரங்கநாதன் தெருவில் காவலர்கள் குழந்தைகளின் கையில் அலைபேசி எண் எழுதிய பட்டையைக் கட்டிவிடுகிறார்கள்; மற்ற நாட்களில் நாமே முழங்கைக்கு உட்புறம் அழியாத பேனாவால் எழுதிவிடலாம். புறப்படும் முன் அன்றைய உடையோடு ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பதற்றத்தில் சட்டையின் நிறம்கூட நினைவுக்கு வராது. காணவில்லை என்று தெரிந்தவுடன் ஒருவர் அதே இடத்தில் நிற்க, மற்றவர் அவசர உதவி எண்ணான 112ஐயோ குழந்தைகள் உதவி எண்ணான 1098ஐயோ அழைக்கட்டும். முதலில் நாமே தேடிப் பார்ப்போம் என்று அரைமணி கடத்த வேண்டாம்.